கியர்பாக்ஸ் வெப்ப எச்சரிக்கை விளக்கு: காரணம் காணும் ஒரு முறை

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றின் மீட்டர் பலகையில், பல்சக்கரத்துக்குள் தெர்மாமீட்டரை வரைந்தது போன்ற ஒரு சிறு விளக்கு உண்டு. சில வண்டிகளில் படம் கிடையாது, 'ஏ.டி. ஆயில் டெம்ப்' என்று எழுத்தாகவே எரியும். சாவியைத் திருகியதும் இரண்டு விநாடி எரிந்து அணைவதைத் தவிர, வேறு நேரத்தில் அதைப் பார்க்காமலே பல ஆண்டுகள் வண்டி ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். பார்த்தவர்களைக் கேட்டால், பெரும்பாலும் மலையேற்றத்திலோ, நகராத நெரிசலிலோ பார்த்ததாகச் சொல்வார்கள்.

அந்த விளக்கு எரிந்தபின் ஒர்க்‌ஷாப்பில் நடப்பது பல இடங்களிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஸ்கேனரைச் செருகுவார்கள், கோளாறு எண்ணை அழிப்பார்கள், ஆயிலை மாற்றுவார்கள், வண்டியைத் திருப்பித் தருவார்கள். அடுத்த மலைப் பயணத்தில் விளக்கு மறுபடி எரியும். இதைத் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. கேள்விகளின் வரிசை தவறியதுதான் காரணம். எண்ணை அழித்ததும் முதல் சாட்சி போகிறது. ஆயிலைக் கொட்டியதும் இரண்டாம் சாட்சி போகிறது. அதன் பிறகு எஞ்சுவது ஊகம் மட்டுமே.

இக்கட்டுரை முன்வைக்கும் வரிசை மூன்று கேள்விகளால் ஆனது. சூடு உண்மைதானா? உண்மையென்றால், வெளியேற வேண்டிய சூடு வெளியேறுகிறதா? அதுவும் சரியென்றால், பிறக்கக் கூடாத சூடு எங்கே பிறக்கிறது? முதல் கேள்விக்கு விடை காண எதையும் கழற்ற வேண்டியதில்லை. மூன்றாவதற்குச் சில வேளைகளில் கியர்பாக்ஸையே இறக்க வேண்டிவரும். செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போவதால் இது வண்டிக்காரருக்கும் நியாயமான வரிசை.

டார்க் கன்வெர்ட்டர் கொண்ட மரபான ஆட்டோமேட்டிக்கே இங்கு மையப் பொருள். இரட்டைக் கிளட்ச், ஏ.எம்.டி. வகைகளின் பேச்சு தேவைப்படும் இடத்தில் வரும்.

2. சூடு பிறக்கும் இடம்

2.1 கன்வெர்ட்டர்

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எதிரெதிராக இரண்டு விசிறிகள், இடையில் ஆயில். இன்ஜின் பக்கத்து விசிறி ஆயிலை வீசுகிறது. அந்த வீச்சில் கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி சுழல்கிறது. நடுவில் உள்ள ஸ்டேட்டர் ஆயிலின் திசையைத் திருப்பி முறுக்குவிசையைப் பெருக்குகிறது. டார்க் கன்வெர்ட்டரின் சாரம் இவ்வளவுதான். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது, அவர் மனத்தில் இருந்தது கப்பல், கார் இல்லை. 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பொருத்தியபோது, ஆயில் வழியே விசை கடத்தும் முறை சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்தது.

இரண்டு விசிறிகளும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. அந்த வேக வித்தியாசத்தில் இழக்கப்படும் சக்தி முழுதும் ஆயிலில் சூடாக இறங்குகிறது. அதனால்தான் இன்றைய கன்வெர்ட்டர்களுக்குள் லாக்கப் கிளட்ச் ஒன்று இருக்கிறது. வேகம் சீரானதும் அது இரு பக்கத்தையும் உலோகப் பிடியாகப் பூட்டிவிடும். பூட்டு விழுந்தால் கன்வெர்ட்டரில் சூடு பிறப்பது ஏறக்குறைய நின்றுவிடும். பின்னால் வரப்போகும் பல காரணங்களுக்கு இந்தப் பூட்டுதான் திறவுகோல்.

2.2 மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை

எவ்வளவு சூடு என்பதற்கு ஓர் உருவம் கிடைக்க, நம் பக்கத்து மலைப்பாதை ஒன்றில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர்; குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர். ஏற்றம் சுமார் 1,500 மீட்டர். ஆட்களும் பெட்டிகளுமாக 1,500 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க 2.2 கோடி ஜூல் வேண்டும். வீட்டு மின்கணக்கில் 6 யூனிட்டுக்குச் சற்று மேல். காற்றுத் தடையையும் டயர் உராய்வையும் விட்டுவிடுவோம்.

வண்டி மெதுவாக, கொண்டை ஊசி வளைவுகளில் நின்று நின்று ஏறுவதால் லாக்கப் விழவே இல்லை என்றும், கன்வெர்ட்டரின் திறன் சராசரியாக 80 சதவீதம் என்றும் கொள்வோம். அப்படியானால் 55 லட்சம் ஜூல் ஆயிலில் இறங்கும். கியர்பாக்ஸில் 7 லிட்டர் ஆயில் என்றால் எடை ஏறத்தாழ 6 கிலோ. அதை ஒரு டிகிரி சூடாக்க 12,000 ஜூல் போதும். வகுத்துப் பார்த்தால் 450 டிகிரிக்கு மேல் வருகிறது! கூலர் என்று ஒன்று இல்லாவிட்டால் குன்னூரை எட்டுவதற்கு வெகு முன்பே ஆயில் புகைந்துவிடும்.

இதையே ஒரு மணி நேரத்துக்குப் பரப்பினால் சுமார் 1,500 வாட். குளிக்க வெந்நீர் போடும் ஹீட்டர் ராடு ஒன்றை ஆயிலுக்குள் இறக்கி, ஒரு மணி நேரம் சுவிட்சைப் போட்டு வைத்தது போல. கூலரின் வேலை அந்த 1,500 வாட்டை விடாமல் வெளியே எடுத்துப் போவது.

இதைவிடக் கொடிய நிலை ஒன்று உண்டு. ஏற்றத்தில் முன்வண்டி நிற்க, நாமும் நிற்கிறோம். பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரைத் தொட்டுத் தொட்டு வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கிறோம். சக்கரம் சுழலவில்லை, எனவே இன்ஜின் கொடுப்பது அத்தனையும் சூடாகிறது. 2,000 சுற்றில் 100 நியூட்டன் மீட்டர் என்று வைத்தால் 21,000 வாட். பதினான்கு ஹீட்டர் ராடுகள். மொத்த ஆயிலும் விநாடிக்கு ஒன்றே முக்கால் டிகிரி ஏறும். கன்வெர்ட்டருக்குள் இருப்பது மொத்த ஆயிலில் ஒரு பகுதிதான் என்பதால், அங்கே ஏற்றம் இன்னும் வேகமாக இருக்கும். ஸ்டால் டெஸ்ட் எனப்படும் சோதனையை ஐந்து விநாடிக்கு மேல் நீட்டக் கூடாது என்று சர்வீஸ் கையேடுகள் சொல்வதன் காரணம் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

2.3 ஆயிலின் ஆயுள்

ஏ.டி.எஃப். எனப்படும் இந்த ஆயில் மசகு மட்டும் இல்லை. விசையைக் கடத்துவதும், வால்வுகளைத் தள்ளுவதும், கிளட்ச் தட்டுகள் எந்த அளவு வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் அதுதான். 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை பல வண்டிகளுக்கு இயல்பான வேலைச் சூடு. அதற்கு மேல் ஒவ்வொரு 10, 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது ஒர்க்‌ஷாப் விதி. 1889இல் ஸ்வாந்தே அர்ரேனியஸ் எழுதிய வேதிவினை வேகச் சமன்பாட்டின் எளிய வடிவம் என்று இதைக் கொள்ளலாம். பழைய கனிம எண்ணெய்களுக்காக எழுந்த விதி இது. இன்றைய சிந்தெட்டிக் ஆயில்கள் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் சரிவின் திசை மாறவில்லை. 120 டிகிரியைத் தாண்டி நீடித்தால் ஆயில் வார்னிஷாகப் படியத் தொடங்கும். அதற்கும் மேலே போனால் ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்ச் தட்டுகள் கருகும்.

ஆயிலின் கலவை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு பழைய செய்தி. 1970களின் தொடக்கம் வரை ஏ.டி.எஃப்.பில் உராய்வைப் பதப்படுத்த ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்து வந்தார்கள். அமெரிக்கச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்ததும், வேறு கலவை தேட வேண்டியிருந்தது. அப்படி வந்த ஒரு மாற்று, கூலரின் பற்றவைப்பை அரித்ததால் அதையும் திருத்த நேர்ந்தது. "ஏதோ ஒரு சிவப்பு ஆயில்தானே" என்று டப்பாவைத் திறப்பவருக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

3. விளக்கு எதைப் பார்த்துச் சொல்கிறது

கியர்பாக்ஸுக்குள் பெரும்பாலும் வால்வு பாடியிலோ ஆயில் தொட்டியிலோ, சில வண்டிகளில் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் வெளியேறும் வழியிலோ, ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். சூடு ஏற ஏற மின்தடை இறங்கும் பொருள் அது. 1833இல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் கண்டு வியந்த அதே பண்பு. கன்ட்ரோல் யூனிட் 5 வோல்ட் அனுப்பி, திரும்பும் மின்னழுத்தத்தைப் பார்த்து வெப்பநிலையைக் கணிக்கிறது. கணித்த எண் எல்லையைத் தாண்டினால் விளக்கு எரிகிறது. ஆக, விளக்கு பார்ப்பது ஒரு மின்னழுத்தத்தை. ஆயிலைத் தொட்டுப் பார்த்து அது எரிவதில்லை. இந்த இடைவெளியிலிருந்துதான் நம் முதல் கேள்வி பிறக்கிறது.

சென்சார் இருக்கும் இடமும் முக்கியம். கன்வெர்ட்டரை விட்டு வெளிவரும் ஆயில், தொட்டியில் தேங்கிய ஆயிலைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். "என் வண்டியில் 130 காட்டியது, நண்பர் வண்டியில் அதே மலையில் 105தான்" என்ற ஒப்பீட்டுக்கு, இரண்டு சென்சாரும் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் பொருளே இல்லை.

எரியும் விதத்துக்கும் அர்த்தம் உண்டு. சுபாரு கார்களின் கையேட்டில், ஓட்டத்தில் இந்த விளக்கு நிலையாக எரிந்தால் ஆயில் சூடேறியிருக்கலாம் என்றும், இன்ஜினைக் கிளப்பியதும் மினுக்கினால் கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு இருக்கலாம் என்றும் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே விளக்கு, இரண்டு செய்தி. இரண்டாவதைக் கண்டு கூலரை மாற்றினால் காசு வீண். எல்லா நிறுவனமும் இதே மொழியில் பேசுவதில்லை என்பதால், உங்கள் வண்டியின் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை முன்கூட்டியே படித்து வைப்பது நல்லது.

உலர் இரட்டைக் கிளட்ச் வண்டிகளின் நிலை வேறு. அங்கே கிளட்சைச் சூழ்ந்து ஆயில் இல்லை. பல வடிவமைப்புகளில் கிளட்சின் சூட்டை யாரும் நேரடியாக அளப்பதுமில்லை. எவ்வளவு விசை, எவ்வளவு வழுக்கல், எவ்வளவு நேரம் என்று பெருக்கிக் கணினி ஓர் எண்ணை வரவு வைத்துக்கொண்டே போகிறது. சில ஹூண்டாய், கியா வண்டிகளின் திரையில் "இத்தனை நிமிடம் நிறுத்தி வைக்கவும்" என்று வருவது அந்தக் கணக்கின் விளைவு. இவ்வகைக் கிளட்சுக்கு நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வதும், ஏற்றத்தில் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடிப்பதும் பெரும் பகை. ஏ.எம்.டி.க்கும் அப்படியே. இவற்றில் எச்சரிக்கை வந்தால் முதலில் விசாரிக்க வேண்டியது ஓட்டிய விதத்தை.

4. சாலையோரத்தில் செய்ய வேண்டியவை

விளக்கு எரிந்ததும் பலருக்கும் கை தானாகச் சாவிக்குப் போகும். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் அது தவறு. ஆயிலைக் கூலருக்குத் தள்ளும் பம்ப்பை ஓட்டுவது இன்ஜின். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும், சூடு இருந்த இடத்திலேயே உறைந்து சீல்களை வாட்டும். பாதுகாப்பாக ஓரங்கட்டி, 'பி'யில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிட வேண்டும். டொயோட்டா, சுபாரு கையேடுகள் சொல்வதும் இதையே. விளக்கு அணையும் வரை காத்திருக்க வேண்டும். அணைந்த மறு விநாடியே கிளம்புவதைவிட இன்னும் சில நிமிடம் விடுவது நல்லது.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள். இன்ஜின் வெப்ப முள்ளும் சிவப்பில் இருந்தாலோ, வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டினாலோ, இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். ஆகவே ஓரங்கட்டியதும் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும். அதோடு ஜன்னலை இறக்கி, ரேடியேட்டர் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தில் செய்யத்தக்க மிகப் பயனுள்ள வேலை, நடந்ததை ஃபோனில் குறித்து வைப்பது. கிளம்பி எத்தனை நிமிடத்தில் எரிந்தது, ஏற்றமா சமதளமா, எந்த வேகம், ஏ.சி. ஓடியதா, எத்தனை பேர், கியர் மாறும்போது இடித்ததா, இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி இழுக்காமல் இருந்ததா. மெக்கானிக்குக் கிடைக்கும் வேறெந்தத் தகவலையும்விட இது மேலானது என்பது என் உறுதியான எண்ணம். காலையில் குளிர்ந்த வண்டியைக் கிளப்பிய ஒரு நிமிடத்தில் விளக்கு எரிந்தது என்று வைத்துக்கொள்வோம். 6 கிலோ ஆயிலை ஐடிலில் ஒரு நிமிடத்தில் நூறு டிகிரி ஏற்றும் சூடு எங்கிருந்தும் வர முடியாது. மேலே போட்ட கணக்கே அதற்குச் சாட்சி. அந்த ஒரு குறிப்பு கூலர், கிளட்ச், கன்வெர்ட்டர் அனைத்தையும் குற்றப் பட்டியலிலிருந்து விடுவித்து, விசாரணையை வயரிங் பக்கம் திருப்பிவிடுகிறது.

5. முதல் கேள்வி: சூடு உண்மைதானா

5.1 எண்ணை அழிக்கும் முன்

ஸ்டியரிங்குக்கு அடியிலுள்ள 16 முள் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகியதும் முதல் வேலை படித்து எழுதிக்கொள்வது. பி0218 என்றால் கியர்பாக்ஸ் சூடு எல்லை மீறியது. பி0710 முதல் பி0714 வரை சென்சாரின் மின்சுற்றைப் பற்றிய புகார்கள். அவற்றில் பி0712 மின்னழுத்தம் குறைவு, பி0713 மின்னழுத்தம் கூடுதல். பி0741 லாக்கப் கிளட்ச் பிடிக்கவில்லை என்பது. 0218 தனியாக வந்தால் சூடு உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். 0712 சேர்ந்து வந்தால் சென்சாரையே சந்தேகிக்க வேண்டும். 0741 சேர்ந்து வந்தால் மூன்றாம் கேள்விக்கு விடை ஏறக்குறையக் கையில் கிடைத்துவிட்டது. கோளாறு பதிவான நொடியின் வேகம், சுற்று, வெப்பநிலை ஆகியவற்றைக் காட்டும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் படமெடுத்துக்கொள்ள வேண்டும். அழித்தால் அதுவும் போய்விடும்.

5.2 விடியற்காலைச் சோதனை

வண்டியை இரவு முழுதும் நிறுத்தி வைத்து, காலையில் இன்ஜினைக் கிளப்பாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஸ்கேனரில் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்: கூலன்ட் சூடு, இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு, கியர்பாக்ஸ் ஆயில் சூடு. ஒரே கொட்டகையில் இரவைக் கழித்த மூன்றும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். ஆயில் மட்டும் விலகி நின்றால் சென்சாரோ வயரோ பொய் சொல்கிறது. காசு செலவில்லாத சோதனை. ஆனால் செய்பவர்கள் குறைவு.

இதன் எல்லையையும் அறிந்து வைக்க வேண்டும். பரவலாகப் புழங்கும் ஒரு வகைத் தெர்மிஸ்டர் 20 டிகிரியில் சுமார் 3,500 ஓம் காட்டும், 100 டிகிரியில் சுமார் 177 ஓம். கனெக்டரில் ஈரம் புகுந்து இரண்டு முள்ளுக்கும் இடையே 3,000 ஓம் அளவில் கசிவு உண்டாகிறது என்று கொள்வோம். 20 டிகிரியில் மொத்தத் தடை 1,600 ஓமாக இறங்கி, கணினி 38 டிகிரி என்று நினைக்கும். அதே கசிவு 100 டிகிரியில் 2 டிகிரி வித்தியாசத்தைத்தான் உண்டாக்கும். இப்போது மாறாக, முள் துருப்பிடித்து 100 ஓம் தடை கூடியதாகக் கொள்வோம். 20 டிகிரியில் வித்தியாசமே தெரியாது. 100 டிகிரியிலோ 277 ஓமாகி, கணினிக்கு அது 85 டிகிரி.

இதிலிருந்து வரும் முடிவு முக்கியமானது. கசிவு குளிரில் பிடிபடும், துரு சூட்டில்தான் பிடிபடும். துருவோ சூட்டைக் குறைத்துக் காட்டுகிறது. அதாவது எரிய வேண்டிய நேரத்தில் விளக்கை எரியவிடாமல் செய்கிறது. பொய்யாக எரியும் விளக்கைவிட, உண்மையிலேயே சூடான போதும் எரியாத விளக்கு ஆபத்தானது. அதைப் பற்றி யாரும் புகார் கொடுக்க வருவதில்லை. ஆகவே காலைச் சோதனையில் தேறிய வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி இன்னொரு முறையும் ஒப்பிட வேண்டும். ஆயில் தொட்டியின் மேல் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டலாம். பளபளக்கும் அலுமினியம் அக்கருவியை ஏமாற்றிக் குறைவான எண்ணைத் தரும் என்பதால், ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். தொட்டியின் வெளிப்புறம் உள்ளே இருக்கும் ஆயிலைவிடச் சற்றுக் குளிர்ந்திருப்பது இயல்பு. முப்பது நாற்பது டிகிரி இடைவெளி இயல்பன்று.

5.3 கனெக்டரைக் கழற்றிப் பார்த்தல்

சென்சாரின் கனெக்டரைக் கழற்றினால் மின்சுற்று அறுந்து, தடை எல்லையற்றதாகும். ஸ்கேனர் அதன் மிகக் குளிர்ந்த எண்ணுக்கு, பெரும்பாலும் மைனஸ் 40க்கு, விழ வேண்டும். கழற்றிய பின்னும் 150 என்றே நின்றால், வயர் எங்கோ உரசி எர்த்தைத் தொடுகிறது, அல்லது கன்ட்ரோல் யூனிட்டில் பழுது. இதே காரணத்தால் அறுந்த வயர் ஒருநாளும் பொய்ச் சூட்டைக் காட்டாது. விளக்கு எரிகிறது என்றதும் அறுந்த வயரைத் தேடி மணிக்கணக்கில் செலவிடுவது வீண் உழைப்பு.

6. இரண்டாம் கேள்வி: வெளியேறும் வழி

பல கார்களில் கியர்பாக்ஸின் கூலர் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. சூடான ஆயில் தன் சூட்டைக் கூலன்ட்டுக்குக் கொடுக்கிறது. இதனால் கூலன்ட்டைவிடக் குளிர்ச்சியாக ஆயில் ஆகவே முடியாது. இன்ஜின் சூடேறும் வண்டியில் கியர்பாக்ஸைக் குற்றம் சொல்வதற்கு முன் கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், ஃபேன் மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

காற்றுப் பக்கத்து அடைப்பு கண்ணுக்குத் தெரியும், ஆனால் பம்பரைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்தில் பூச்சியும் மண்ணும் இலைச் சருகும் சேர்ந்து மெத்தை போலப் படிந்திருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று தகடுகளையே அரித்து உதிர்த்துவிடும். காற்று நுழையும் வாயில் பாலிதீன் பை ஒட்டிக்கொண்டதும், ஆசைக்குப் பொருத்திய கூடுதல் விளக்குகள் காற்றை மறித்ததும்கூடக் காரணங்களாகும்.

உட்பக்கத்து அடைப்பைக் காண இரண்டு குழாய்களின் சூடும் போதும். வண்டி நன்றாகச் சூடான பின், கூலருக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் ஆயில் ஓடுகிறது, ஆனால் சூட்டைக் கொடுக்கவில்லை. பிழை காற்றுப் பக்கத்திலோ கூலன்ட் பக்கத்திலோ இருக்கிறது. போகும் குழாய் கொதிக்க, வரும் குழாய் குளிர்ந்து கிடந்தால் ஆயில் ஓடவே இல்லை. கூலருக்குள் கிளட்ச் தூள் அடைத்திருக்கலாம், அல்லது குளிர்ந்த ஆயிலுக்காகக் கூலரைத் தவிர்க்கும் பைபாஸ் வால்வு கூலருக்குப் போகும் வழியை மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். திரும்பும் குழாயைக் கழற்றி அளவுப் பாத்திரத்தில் பிடித்தால், ஐடிலில் 20 விநாடிக்கு ஒரு லிட்டரை ஒட்டி வர வேண்டும் என்பது பழைய ஒர்க்‌ஷாப் அளவு. சரியான எண்ணுக்குச் சர்வீஸ் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டருக்குள் கூலர் ஓட்டையானால் நேர்வது பெரும் சேதம். கூலன்ட்டும் ஆயிலும் கலந்து ரோஸ்மில்க் நிறத்தில் நுரைத்து வரும். கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பரப்பு காகித நாரால் ஆனது. தண்ணீர் பட்டால் ஊறி, ஒட்டுப் பசை விட்டுவிடும். இந்நிலையில் ரேடியேட்டரை மட்டும் மாற்றி ஆயிலைக் கழுவி ஓட்டுவது சில மாதங்களுக்குத்தான் தாங்கும். இதை வண்டிக்காரரிடம் முதலிலேயே மறைக்காமல் சொல்லிவிடுவது மெக்கானிக்கின் கடமை.

7. மூன்றாம் கேள்வி: பிறக்கக் கூடாத சூடு

சென்சார் உண்மை சொல்கிறது, கூலரும் வேலை செய்கிறது. இருந்தும் சூடு என்றால் எங்கோ வழுக்கல் இருக்கிறது. சமதளத்தில் மணிக்கு 70, 80 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டி, ஸ்கேனரில் இன்ஜின் சுற்றையும் கியர்பாக்ஸின் உள்சுற்றையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். லாக்கப் விழுந்திருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகும். நூற்றுக்கணக்கான சுற்று வித்தியாசம் நீடித்தால் லாக்கப் விழவில்லை.

அதற்காக உடனே கன்வெர்ட்டரை இறக்கக் கூடாது. லாக்கப்பைக் கணினி வேண்டுமென்றே தடுத்து வைத்திருக்கவும் கூடும். பிரேக் மிதித்திருந்தால் லாக்கப் விடுபடும். பெடலுக்கு மேலுள்ள சிறு பிரேக் சுவிட்ச் சிக்கிக்கொண்டால், மிதிக்காமலே மிதித்ததாகக் கணினி நம்பும். பின்னால் வருபவர் "பிரேக் லைட் அணையவே இல்லை" என்று சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். இன்ஜின் போதிய சூட்டை எட்டாதவரை பல வண்டிகளில் லாக்கப் விழாது. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிய வண்டியில் இன்ஜின் குளிர்ந்தே ஓட, கியர்பாக்ஸ் சூடாகும். கேட்க முரணாகத் தோன்றினாலும் காரணம் இதுவே.

லாக்கப் சரி என்றால் கிளட்ச் தட்டுகள். உள்சுற்றை வெளிச்சுற்றால் வகுத்தால் அந்த கியரின் விகிதம் வர வேண்டும். குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் விகிதம் தவறினால் அந்தக் கியருக்குரிய கிளட்ச் வழுக்குகிறது. ஆயிலின் அளவு குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் விழும், தட்டுகள் வழுக்கும். அளவு மிஞ்சினாலும் அதே கதிதான், சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். டிப்ஸ்டிக் இல்லாத இன்றைய கியர்பாக்ஸ்களில் குறிப்பிட்ட சூட்டில், பலவற்றில் 35 முதல் 45 டிகிரிக்குள், இன்ஜின் ஓடும்போது வழிதுளையைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். சூடான வண்டியில் ஆயில் விரிந்திருக்கும். அந்நிலையில் அளவு சரிபார்த்தால் உண்மையில் குறைவாகவே நிரம்பியிருக்கும்.

ஆயிலின் நிறத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. சில ஆயில்கள் நல்ல நிலையிலேயே சீக்கிரம் கறுத்துவிடும். கருகிய வாடை மேலான சாட்சி. அதைவிட மேலானது தொட்டிக்குள் இருக்கும் காந்தம். அதன்மேல் மெல்லிய சாம்பல் பசை படிவது தேய்மானத்தின் இயல்பு. விரலில் உறுத்தும் சிலும்புகளோ கறுப்புத் தட்டுத் துணுக்குகளோ இருந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கியர்பாக்ஸுக்கு வெளியேயும் இரண்டு காரணங்கள் உண்டு. பிடித்தபடி விடாத பிரேக் காலிப்பர் வண்டியை எப்போதும் ஏற்றத்தில் ஓடுவது போல வைத்திருக்கும். நாலு சக்கரத்தின் சூட்டையும் ஒப்பிட்டால் அது பிடிபடும். நான்கு சக்கர இழுவை வண்டிகளில் ஒரு டயர் மட்டும் புதிதாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்தால், சுற்றளவு வித்தியாசத்தால் இடைக் கிளட்ச் ஓயாமல் வழுக்கும். அந்தக் கிளட்ச் கியர்பாக்ஸ் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும் வடிவமைப்புகளில் சூடு நேரே ஆயிலுக்குப் போய்ச் சேரும்.

8. பழுது தீர்ந்ததற்குச் சான்று

விளக்கு எரியவில்லை என்பது பழுது தீர்ந்ததற்குச் சான்றாகாது. சமதளத்தில் அது முன்பும் எரியவில்லையே. முதலில் எரிந்த அதே பாதையில், அதே பாரத்தோடு, முடிந்தால் அதே வெயில் நேரத்தில் மறுபடி ஓட்டி, ஸ்கேனரில் ஆயில் சூட்டை நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். ஏற்றத்தில் ஏறிய எண், சமதளம் வந்ததும் எத்தனை நிமிடத்தில் இயல்புக்கு இறங்குகிறது என்பதே கூலரின் உடல்நிலையைச் சொல்லும் அளவு. உச்சச் சூடு, அன்றைய வெயில், இறங்கிய நேரம் மூன்றையும் தேதியோடு சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தால், அடுத்த கோடையில் அதே மலையேறும்போது ஒப்பிட்டுப் பார்க்க எண்கள் இருக்கும்.